சடுகுடு ஆபீஸ்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், சோடாக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒற்றை அறையில் இருந்தது ஐசக்கின் பிளான் ஆபீஸ். வாசல் பலகையில் 'ஐசக், கட்டட வரைவாளர்' என்று பெங்களூரில் கொடுத்து எழுதி வாங்கிய எழுத்து, கறுப்பில் மஞ்சளாக, பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் யாரிடமாவது வழி கேட்டால் முழிப்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சடுகுடு ஆபீஸைக் கேக்கறீங்களா?" என்பார்கள். அதற்கப்புறம்தான் கையை நீட்டி வழி காட்டுவார்கள்.

பெயர் வந்த கதையைச் சொல்லாமல் ஐசக்கைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஐசக் கிருஷ்ணகிரிக்காரர். மிஷன் பள்ளியில் படித்து, பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் டிராயிங் மேஜைக்கு முன்னால் இளமையைக் கழித்தவர். அவர் இழுத்த கோட்டைப் பார்த்து மேலதிகாரிகளே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த வீடுகளில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மனைவி ஜெபசீலிக்கு ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தபோது, "நாமே சொந்தமா ஒரு ஆபீஸ் போட்டால் என்ன?" என்ற ஆசை அவருக்கு முளைத்தது. பழைய முதலாளி நல்ல மனுஷன். "போய்ப் பார். சரிப்படாவிட்டால் திரும்பி வா, உன் நாற்காலி இருக்கும்" என்று அனுப்பிவைத்தார். அந்த நாற்காலி ஐசக்குக்குத் தைரியமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

முதல் வேலை பக்கத்து ஊரான தளியில். கோசு பயிரிடும் ஒரு கவுடருக்கு வீடு. ஐசக் உயிரைக் கொடுத்து வரைந்தார். காற்று எந்தப் பக்கம் வரும், குளிர் மாசத்தில் வெயில் எந்த ஜன்னலில் விழும், எல்லாம் யோசித்துப் போட்ட வீடு. கவுடர் பிளானை வாங்கி, குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒள்ளேது, நல்லா இருக்கு" என்று தலையாட்டினார். வீடு எழும்பியது. மகனுக்குக் கல்யாணமும் நடந்தது. மருமகள் வீட்டுச் சீராகத் தேக்குக் கட்டில் வந்து இறங்கியது. ரேழியில் இருந்து அறைக்குள் கட்டில் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், ஆறேழு பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்துத் தள்ளியும் பார்த்தார்கள். கடைசியில் மேஸ்திரி மாரிசாமி ரம்பத்தை எடுத்துக் கட்டிலின் கால்களை அறுத்து உள்ளே கொண்டுபோய் மறுபடி ஒட்டவைத்தார். சீர் வந்த கட்டிலின் காலை அறுப்பது என்றால் சும்மாவா? பெண்ணைப் பெற்றவர், குடிக்கக் கொடுத்த காபியைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து ஐசக் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெபசீலி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வீட்டை வரைஞ்சீங்க. அதுக்குள்ள யாரும் நடக்கவே இல்லியே" என்றாள்.

"காகிதத்துல எப்படி நடக்கறது ஜெபா?"

"அப்போ தரையில போடுங்க. அவங்களே நடந்து பாக்கட்டும்."

அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு மடித்த துணியைப் பெட்டிக்குள் வைக்கப் போய்விட்டாள். ஐசக் மட்டும் அதே இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு சடுகுடு ஆபீஸில் ஒரே ஒரு சட்டம்தான். யார் வீடு கட்ட வந்தாலும் முதலில் பேனாவைத் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் மிச்சமான பால்பவுடர் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, அந்த மனையிலேயே வீட்டை நிஜ அளவில் கோடு போட்டு இறக்குவார் மாரிசாமி. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு, வாசல் இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி. பிறகு குடும்பம் முழுக்க அடுப்பு, பாய், கட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்தக் கோடுகளுக்குள் குடியிருக்க வேண்டும். சமைக்க வேண்டும், சாப்பிட வேண்டும், படுத்து எழுந்திருக்க வேண்டும். ஐசக் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். சாயங்காலம் எழுந்துபோய்ச் சுண்ணாம்பு எங்கெங்கே மிதிபட்டு அழிந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். மனுஷர்கள் வாயால் ஆயிரம் சொல்வார்கள், கால் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. அழிந்த இடத்தில் சுவரை எடுத்துவிட்டு வாசல் வைப்பார். அதற்கு அப்புறம்தான் காகிதம்.

ஊர் சும்மா இருக்குமா? வெட்டவெளியில் வெள்ளைக் கோட்டுக்குள் பெண்டு பிள்ளைகள் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருப்பதைப் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "அந்தப் பக்கம் கோட்டைத் தொட்டுட்டு வா, பாயிண்டு குடுப்பாங்க" என்று கிண்டல் பண்ணினார்கள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் பெயர். கௌரவம் பார்க்கிற ஆட்கள், "வீடு கட்டப் போறமா, கூத்து கட்டப் போறமா?" என்று வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். வேலை குறைந்தது. மாரிசாமி பாதி நாள் சைக்கிள் கடையில் உட்கார்ந்து அரட்டை அடித்தார். ஐசக்கின் கனவில் பெங்களூர் நாற்காலி வர ஆரம்பித்தது.

அறுபத்தெட்டாம் வருஷம், கோடை தொடங்குகிற சமயத்தில்தான் திம்மப்பனின் வேலை வந்தது.

திம்மப்பன் பெங்களூரிலிருந்து வந்து கிருஷ்ணகிரி ரோட்டில் பீங்கான் குழாய் ஆலை வைத்திருந்தவர். தொழிலாளர்கள் சூளைக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசைகளில் இருந்தார்கள். சூளைப் பொறி பறந்து ஒரு குடிசை பற்றிக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதலாளிக்கு அதற்குப்பின் தூக்கம் சரியாக வரவில்லை. எல்லாருக்கும் ஓட்டு வீடு கட்டிக்கொடுப்பது என்று முடிவு பண்ணினார். பெங்களூர்க் கம்பெனி ஒன்று கலர் அடித்த டிராயிங் அனுப்பியிருந்தது. ரயில் பெட்டி கோத்த மாதிரி ஒரே வரிசை, வீட்டுக்கு வீடு முன்னாலிருந்து பின்கட்டு வரைக்கும் ஆள் உயரச் சுவர். பக்கத்திலேயே இருக்கிற ஆள் என்று ஐசக்கையும் கேட்டு வைத்தார்.

ஐசக் ஜெபசீலியிடம் வெளிப்படையாகவே சொன்னார். "இது கெடைச்சா ஆபீஸ் நிக்கும். இல்லேன்னா பூட்டிடலாம். நான் பெங்களூர் போறேன், நீயும் வேலைய விட்டுட வேண்டியதுதான்."

"சரி" என்றாள் ஜெபசீலி. "கோடு போடற வேலையைப் பாருங்க."

ஆலைக்குப் பின்னால் இருந்த மேட்டில் மாரிசாமி நாலு வீட்டைச் சுண்ணாம்பில் இறக்கினார். பெங்களூர்க்காரர்கள் போட்டபடியே, நடுவில் சுவர்களோடுதான். ஆலைக்கு லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை நாலு குடும்பங்கள் சட்டி பானையோடு வந்து சேர்ந்தன. களிமண் பிசைகிற பாப்பம்மா ஒரு வீட்டில், சூளைக்கு விறகு தள்ளுகிற ஜோதியம்மாள் அடுத்த வீட்டில். இரண்டு பேருமே வாய்க்காரிகள். குடிசையிலும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தவர்கள்.

மத்தியானம் வரைக்கும் ஒழுங்காக வாசல் வழியே போய் வந்தார்கள். களி கிண்டுகிற நேரம் வந்ததும் ஒழுங்கு கெட்டது. கேழ்வரகு மாவு வெந்து இறுகும்போது ஒற்றை ஆளால் பானையையும் பிடித்துக்கொண்டு துடுப்பையும் சுழற்ற முடியாது. கவைக்கட்டையால் பானைக் கழுத்தை அமுக்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். ஆம்பிளைகள் அந்த நேரத்துக்கு எங்கே அகப்படுவார்கள்? ஜோதியம்மாள் தலையைத் தூக்காமலே, "பாப்பக்கா, ஒரு கை" என்று குரல் கொடுத்தாள். பாப்பம்மா பின்கட்டுக் கோட்டை ஒரே எட்டில் தாண்டிப் போய்ப் பானையைப் பிடித்தாள். அப்புறம் இவள் களிக்கு அவள் வந்தாள். அடுத்த இரண்டு வீடுகளிலும் அதே கதை. பிறகு உப்புக்கு, நெருப்புக்கு, ஊர்க்கதைக்கு என்று போக்குவரத்து நிற்கவே இல்லை.

சாயங்காலம் ஐசக் போய்ப் பார்த்தார். வீட்டுக்கு வீடு பின்கட்டில், அடுப்புக்கு நேராக, கோடு சுத்தமாக அழிந்து வெறும் செம்மண் தெரிந்தது. மற்ற இடங்களில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. ஐசக்குக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாரிசாமியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

மறுநாளே திம்மப்பனிடம் போய்ச் சொன்னார். பின்கட்டுச் சுவர் வேண்டாம், இரண்டிரண்டு வீட்டுக்கு ஒரு பொதுமுற்றம் விடலாம், நடுவில் அடுப்பு மேடை போடலாம் என்றார். திம்மப்பன் பொறுமையாகக் கேட்டார்.

"ஐசக், நீங்க ஒள்ளெ மனுஷரு. ஆனா பொம்பளைங்க சண்டெ நீங்க பாத்ததில்லே. நடுவுல சுவரு இருந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க. முத்தம் ஒண்ணா இருந்தா தெனமும் பஞ்சாயத்து என் தலையில."

"நீங்களே வந்து பாருங்க சார். சுவர் எங்க வேணாம்னு அவங்க காலே சொல்லியிருக்குது. அழிஞ்ச இடம் அப்படியே இருக்கு."

"ஆகட்டும். வர்ற ஞாயித்துக்கெழமெ வரேன். நீங்க சொல்ற மாதிரி இருந்தா உங்க பிளான். இல்லேன்னா பெங்களூரு டிராயிங்குல கையெழுத்துப் போட்டுடறேன், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது."

அந்த வாரம் முழுக்க ஐசக் மேட்டைக் காவல் காத்தார். மாடு வராமல் முள் வெட்டிப் போட்டார். வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. ஞாயிறு காலை ஆலயத்தில் சபை முழுக்க மழைக்காக ஜெபம் பண்ணியது. கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிற காலம். எல்லாரும் ஆமென் சொன்னபோது ஐசக் மட்டும் வாயைத் திறக்கவில்லை. 'இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேணாம் ஆண்டவரே' என்று மனசுக்குள் முனகிக்கொண்டார். வெளியே வந்தபோது ஜெபசீலி அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரோடு மேட்டுக்கு நடந்தாள்.

மழை வரவில்லை. ஆனால் மேட்டில் ஏறிய ஐசக் பாதியிலேயே நின்றுவிட்டார்.

மேடு பளபளவென்று இருந்தது. முள்ளை ஒதுக்கிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நாலு வீட்டுக் கோடுகளும் புதுச் சுண்ணாம்பில், முனை முறியாமல், கண்ணைப் பறித்தன. அழிந்த இடம் என்று ஒரு விரற்கடை கூட மிச்சமில்லை. போதாததற்கு ஒவ்வொரு வாசலுக்கு முன்னும் ஒரு கோலம் வேறு. நடுவில் பால்பவுடர் டப்பாவோடு பாப்பம்மா நின்றிருந்தாள். பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"மொதலாளி வர்றாரில்ல சார். கோடெல்லாம் அழிஞ்சி கெடந்தா அசிங்கமா இருக்காதா? விடியக்காலமே வந்து நாங்களே போட்டுட்டோம். மேஸ்திரிதான் டப்பா குடுத்தாரு."

மாரிசாமி பல்லைக் கடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார், எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

ஐசக்குக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது? வருகிற மனுஷருக்கு மரியாதை பண்ணியிருக்கிறார்கள். அதுவும் ஐசக்குக்காகவே பண்ணியிருக்கிறார்கள். "நல்லா இருக்குது பாப்பம்மா" என்று மட்டும் சொன்னார்.

"எல்லாரும் போன வாரம் மாதிரியே சமைக்கட்டும்" என்றாள் ஜெபசீலி. "அவர் வந்து பாக்கட்டும்."

திம்மப்பன் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. பாப்பம்மா வீட்டுப் பின்கட்டில் அவருக்கு முக்காலி போட்டிருந்தது. உட்கார்ந்துகொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"எல்லி ஐசக், எங்கே அழிஞ்ச கோடு?"

ஐசக் நடந்ததைச் சொன்னார். தன் காதுக்கே அது சாக்குப் போக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. திம்மப்பன் புதுக்கோட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் அதிகமாக வலித்தது.

நாடகம் போடுகிற மாதிரி ஆகிவிட்டது அன்றைக்கு. பெண்கள் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். உரக்கப் பேசவில்லை. உப்பு வாங்க வேண்டுமென்றால் முன்வாசல் வழியாக வெளியே போய், கோலத்தை மிதிக்காமல் சுற்றி, அடுத்த வீட்டு முன்வாசலில் நின்று கூப்பிட்டுக் கேட்டார்கள். முதலாளிக்கு முன்னால் சுவரைத் தாண்டுவது மரியாதையா? சுண்ணாம்புச் சுவராக இருந்தால்தான் என்ன? ஐசக் மரத்தடியில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார். ஒவ்வொரு நடையும் அவரைப் பெங்களூர் பஸ்ஸுக்குக் கிட்டே தள்ளிக்கொண்டு போனது.

அந்தப் பக்கம் ஜோதியம்மாள் பெரிய பானையில் களிக்கு மாவைக் கொட்டிவிட்டாள். மாவு குமிழி விட்டு இறுகத் தொடங்கியது. பழக்கதோஷம், "பாப்பக்கா, ஒரு கை" என்று கூப்பிட்டுவிட்டாள். பாப்பம்மா எழுந்தாள். முதலாளியைப் பார்த்தாள். முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு, சமையல் வாசலைக் கடந்து, முன்னறையைக் கடந்து, தெருவுக்கு இறங்கி, சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"பாத்தீங்களா ஐசக், வாசல் வழியாத்தான் போறாங்க" என்றார் திம்மப்பன்.

ஜோதியம்மாளால் துடுப்பை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் களி கட்டி தட்டிப்போகும். ஒரு கையால் பானையைப் பிடிக்கப் பார்த்தாள். சூடு தாங்காமல் கையை எடுத்தாள். பானை அடுப்புக்கல்லின்மேல் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"அய்யோ, ஹிடிக்கோ, புடி" என்றார் திம்மப்பன். சொல்லும்போதே முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்தப் பருத்த உடம்பு அவ்வளவு சுறுசுறுப்பாக நகரும் என்று யாரும் நினைத்ததில்லை. நேராகப் போய், கீழே கிடந்த கவைக்கட்டையை எடுத்துப் பானைக் கழுத்தில் மாட்டி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "கிண்டும்மா, நிறுத்தாதே" என்று அதட்டினார். ஜோதியம்மாளுக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டினாள். களி மினுமினுவென்று திரண்டு வந்தது.

தெருச்சுற்றி மூச்சு வாங்க வந்து சேர்ந்த பாப்பம்மா, முதலாளி பானை பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பானையை இறக்கிய பிறகுதான் திம்மப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எல்லாரும் தன் காலையே பார்ப்பதைப் பார்த்து அவரும் குனிந்து பார்த்தார். கறுப்பு ஷூ இரண்டும் வெள்ளையாக இருந்தன. திரும்பிப் பார்த்தார். முக்காலிக்கும் அடுப்புக்கும் நடுவில் புதுக்கோடு கலைந்து, செம்மண்ணில் சுண்ணாம்புத் தடம் அவருக்குப் பின்னாலேயே வந்திருந்தது.

பிறகு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எங்க அம்மாவும் முத்தெ, அதான் இந்தக் களி, கிண்டறப்ப பக்கத்து மனெக்குத்தான் குரல் குடுப்பா" என்றார் ஐசக்கைப் பார்த்து. "நடுவுல வேலி இருந்துச்சு. அதுல ஒரு ஓட்டெ எப்பவும் இருக்கும். யாரும் அடெச்சதே இல்லே. மறந்தே போயிட்டேன் பாருங்க." பிறகு ஜோதியம்மாள் பக்கம் திரும்பினார். "ஒரே முத்தம்னா சண்டெ வருமே, என்ன பண்ணுவீங்க?"

"வரும் மொதலாளி" என்றாள் ஜோதியம்மாள். "வராம எங்க போவும்? சண்டை போட்டுக்கினே பானையப் புடிப்போம்."

ஜெபசீலி தலையைக் குனிந்து சிரித்தாள். ஐசக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் முயற்சி பண்ணவும் இல்லை. மாரிசாமிதான் எங்கோ பார்த்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

இதற்குள் பாப்பம்மா ஓடிப்போய்ப் பால்பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பெரிய மனுஷர் முன்னால் கோடு கலைந்து கிடக்கலாமா? கலைந்த இடத்தில் குனிந்து டப்பாவைத் தட்டப் போனாள்.

"பேடம்மா, விட்டுடு" என்றார் திம்மப்பன். "அங்கே போடாதே. அழிஞ்சது அப்படியே இருக்கட்டும்."

பாப்பம்மா ஐசக்கைப் பார்த்தாள். அவர் தலையசைத்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, களியைப் பங்கு போட அந்த வழியாகவே உள்ளே போனாள்.